ஓட்டையில்லாத காகிதம்

அண்ணியை நினைக்கும்போதெல்லாம் அவள் முகத்தில் விழுந்திருந்த வெயில் பொட்டுகள்தான் முதலில் கண்ணுக்கு வரும். அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டு, மெல்லிய பழுப்புக் காகிதம் ஒன்றைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். காகிதம் முழுக்க ஓட்டைகள். சில பெரியவை, சில சிறியவை. அவற்றின் வழியே இறங்கிய வெயில் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கின் மேலும் பொட்டுப் பொட்டாக அசைந்துகொண்டிருந்தது. "இன்னாடி இது, பூச்சி அரிச்ச பேப்பரைக் குடுத்தனுப்பிக்கீறாங்க?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது. பூந்தமல்லி மிஷன் பங்களாவிலிருந்து மிஸ்ஸியம்மா அனுப்பிய துணியும் அந்தக் காகிதங்கள் வந்த உறையும் அவள் காலடியில் பாயின்மேல் கிடந்தன. உறையின்மேல் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி இடுப்பில் கைவைத்து நிற்கும் படம். அந்தப் பெண் போட்டிருக்கும் கவுனை அண்ணி தைத்துத் தரவேண்டும். அதற்கான வழி இந்தக் காகிதங்களில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். காகிதங்களிலோ ஓர் எழுத்துக்கூட இல்லை.

அண்ணி பாரிவாக்கத்துப் பெண். அவள் வீட்டார் நிலம் உழுகிறவர்கள், இரண்டு தலைமுறையாக மிஷன் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்கிறவர்கள். சிறு வயதில் மிஷன் பங்களாவில் நடந்த தையல் வகுப்புக்குப் போய்ப் பழகியிருந்தாள். கல்யாணத்தின்போது அவள் அப்பா ஒரு மிதி மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தார். அண்ணனுக்கு அம்பத்தூர் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் வேலை. கருத்த, சாதுவான மனிதன். மனைவியிடம் பேசக்கூட வெட்கப்படுவான். வீட்டில் அம்மாவும் நானும் அவர்கள் இருவரும்தான். அண்ணி எனக்கு மூத்தவள் என்றாலும் வயதில் பெரிய இடைவெளி இல்லை. வந்த சில மாதங்களிலேயே நாங்கள் ஒருவர் தலையை ஒருவர் பின்னிவிடும் சிநேகிதிகளாகிவிட்டோம். ரவிக்கை, பாவாடை, பிள்ளைகளுக்குச் சட்டை எதுவானாலும் ஆளை ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் போதும், அவள் கத்திரி தானாக நடக்கும். ஆனால் சீமையிலிருந்து வந்த பேட்டர்ன் காகிதத்தை அவளும் அதுவரை பார்த்ததில்லை.

உறைக்குள் சின்னதாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் இங்கிலீஷில் பொடி எழுத்து. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சில வகுப்புகள் படித்திருந்ததால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது. வார்த்தை புரியும், விஷயம் புரியாது. அண்ணிக்கோ விஷயம் தெரியும், வார்த்தை தெரியாது. "பெரிய ஓட்டை மூணு வரிசையா இருந்தா அந்த ஓரத்தைத் துணியோட மடிப்புல வைக்கணும்னு போட்டிருக்கு அண்ணி" என்பேன். அவள் கொஞ்ச நேரம் யோசிப்பாள். "அப்டீன்னா இது பாதி ஒடம்புதான்டி. மடிச்சி வெட்டினா முழுசாப்பூடும்" என்பாள். ஒரு வார்த்தை எனக்குப் பிடிபடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லித் தந்ததில்லை. நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவள் தாளில் இருந்த சிறு படத்தைப் பார்த்தாள். பிறகு துணியின் விளிம்பை எடுத்து என் கையில் கொடுத்து, "இதான், கரை" என்றாள். இரண்டு பெரிய ஓட்டைகளை இணைத்துக் கோடு போட்டால் அது கரைக்கு இணையாக ஓடவேண்டும் என்பது அதன் பொருள்.

மிஸ்ஸியம்மாவின் துணியில் கை வைக்கத் துணிவில்லாமல் அம்மாவின் பழைய புடவை ஒன்றில் முதலில் வெட்டிப் பார்த்தோம். துணி போதவில்லை என்று அந்த இரண்டு ஓட்டைகளைப் பொருட்படுத்தாமல் ஒரு துண்டை மட்டும் சாய்த்து வைத்து வெட்டினாள். தைத்து என்மேல் போட்டுப் பார்த்தபோது கவுனின் கீழ்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு காலைச் சுற்றியது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. முறுக்கிய இடத்தைக் கையால் நீவி நீவிப் பார்த்தாள். "நூலு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம்தான் துணி தொங்கும். அத்தச் சொல்லத்தான் ரெண்டு ஓட்டை" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு பல வருஷங்கள் நான் பார்த்தேன். ஓரத்தில் முக்கோணமாக வெட்டியிருக்கும் இடம் எந்தத் துண்டு எதோடு சேரும் என்பதைச் சொல்கிறது. சின்ன ஓட்டைகள் எங்கே துணியைக் கொய்து பிடிக்க வேண்டும், எங்கே பை வைக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. சேர்கிற இடத்தில் எவ்வளவு துணி விடவேண்டும் என்பதற்கும் ஒரு வரிசை. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். வேதப்புத்தகத்தையே தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பாள் அண்ணி. இந்தக் காகிதங்களை மட்டும் சரளமாக வாசித்தாள். "இதான்டி எனக்குத் தெரிஞ்ச படிப்பு" என்று சொல்லிக்கொள்வாள்.

மிஸ்ஸியம்மா கவுனைப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தார். பிறகு மற்ற மிஸ்ஸியம்மாக்கள், ரெயில்வே அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று உறைகள் வந்துகொண்டே இருந்தன. கொஞ்ச காலத்தில் அண்ணி என்னை வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டாள். காகிதத்தைப் பாயில் விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதைக் கைப்பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் புழுதிக் காற்றுக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே போனவள் அறை இருட்டாகக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பப் போனேன். அந்த இருட்டில் கத்திரி ஓடும் சத்தம் கேட்டது. "இன்னா அண்ணி, வெளிச்சமே இல்லியே" என்றேன். "இல்லியா?" என்று கேட்டாள். கத்திரி நின்றது. "எனக்கு ரொம்ப நாளாவே இப்படித்தான் கீது. உங்கண்ணன் கிட்ட சொல்லாதே" என்றாள்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே கஞ்சியைத் தட்டுக்கு வெளியே ஊற்றிவிட்டு அண்ணன் முன்னால் அகப்பட்டுக்கொண்டாள். அண்ணன் அவளை ரெயிலில் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். நானும் போனேன். டாக்டர் நல்ல மனிதர். விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு வாடிவிட்டது, மிச்சம் இருப்பதும் போய்விடும், மருந்து கிடையாது என்று அண்ணனிடம் தமிழிலேயே சொன்னார். திரும்பி வரும்போது அண்ணன் ரெயில் பெட்டியின் வாசலிலேயே நின்றுகொண்டு வந்தான். உள்ளே வந்து உட்காரவில்லை. அண்ணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு போனா இன்னாடி, அந்தப் பேப்பர்ல எழுத்தா கீது? ஓட்டைதானே" என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் சொன்னது உண்மையாகவும் இருந்தது, கொஞ்ச காலத்துக்கு.

பார்வை முழுக்கப் போன பிறகும் அவள் தைத்தாள். அதை இன்றைக்குச் சொன்னால் கதை என்பார்கள். நான் துணியின் நல்ல பக்கம் எது என்று சொல்ல வேண்டும், நூலின் நிறம் பார்த்து எடுத்துத் தர வேண்டும், ஊசியில் கோத்துத் தர வேண்டும். மற்றதெல்லாம் அவள்தான். காகிதத்தைத் துணியில் குண்டூசியால் குத்தி, இடது கை விரலைக் காகித விளிம்பில் ஓடவிட்டு, அதன் பின்னாலேயே கத்திரியை நடத்துவாள். ஒவ்வொரு ஓட்டையிலும் தடித்த நூலை விட்டுத் துணியில் முடிச்சுப் போட்டுவிட்டுக் காகிதத்தை மெதுவாக உரிப்பாள். பிறகு அந்த முடிச்சுகளைத் தடவித் தடவி எங்கே கொய்ய வேண்டும், எங்கே பித்தான் வைக்க வேண்டும் என்று கண்டுகொள்வாள். தைக்கும்போது முகத்தை எங்கோ பக்கத்தில் திருப்பி வைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் பாட்டு, பேச்சு எதுவும் கூடாது என்பாள். துணி ஊசியின் அடியில் போகும் சத்தத்திலேயே கோணல் தெரிந்துவிடுமாம். துணி கொண்டுவரும் ஆயாக்களை நான் வாசலிலேயே நிறுத்தி வாங்கிவைத்துக்கொள்வேன். தைப்பவளுக்குப் பார்வை இல்லை என்பது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். இன்னது செய்கிறோம் என்று நாங்கள் பேசி முடிவெடுத்ததில்லை. அப்படி நடந்தது, அவ்வளவுதான். ஓட்டைகளைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே அந்த வெள்ளைக்காரர்கள் போட்டிருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியது. வயல்வெளியில் கொட்டகைகள் முளைத்தன. நாள் முழுக்க லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து ஊரே இடம் மாறிக்கொண்டிருந்தபோது, பட்டாளத்து மேஜர் ஒருவரின் மனைவி தன் ஆயாவிடம் ஓர் உறையும் பூப்போட்ட துணியும் கொடுத்தனுப்பினாள். அண்ணிக்கு ஒரே சந்தோஷம். முந்தின மிஸ்ஸியம்மாவெல்லாம் சீமைக்குப் போய்விட்ட பிறகு வேலை மந்தமாக இருந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். நான் உறையைப் பிரித்துக் காகிதத்தை விரித்து வைத்தேன்.

அவள் தடவினாள். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடவினாள். காகிதத்தைப் புரட்டிப் போட்டு மறுபடியும் தடவினாள். நகத்தின் நுனியால் சுரண்டிப் பார்த்தாள். "ஓட்டை இல்லியேடி" என்றாள். "வேற பேப்பர் எடுத்துட்டியா? உறைக்குள்ள பாரு."

உறைக்குள் வேறு எதுவும் இல்லை. அந்தக் காகிதத்தில் எல்லாம் அச்சடித்திருந்தது. மடிப்பு எங்கே, நூல் எந்தப் பக்கம் ஓடவேண்டும், எங்கே வெட்டவேண்டும், எங்கே கொய்யவேண்டும் என்று அம்புக்குறியும் கோடும் புள்ளியும் வார்த்தையுமாகக் காகிதம் நிறையக் கறுப்பு மை. நாங்கள் இருவரும் முதல் காகிதத்தோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டியதை நினைத்துக்கொண்டேன். இதை என்னைப்போல அரைகுறையாகப் படித்தவள்கூட ஒரு பார்வையில் புரிந்துகொள்ள முடியும். "எல்லாம் எழுதியே இருக்கு அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் காகிதத்தின்மேல் விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "எழுதிக்கீதா?" என்றாள். பிறகு, "சரி" என்றாள்.

நான் விடவில்லை. கோணி ஊசி ஒன்றை எடுத்து ஒவ்வொரு குறியின்மேலும் குத்தினேன். வெட்டும் கோட்டுக்கு வெளியே வீணாக விட்டிருந்த காகிதத்தை எல்லாம் நறுக்கி எடுத்தேன். இந்தக் காகிதம் பழையதைவிட மெல்லியது. குத்திய இடத்தில் கிழிந்தது, கிழிந்த இடமும் குத்திய இடமும் அவள் விரலுக்கு ஒன்றாகத் தெரிந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இது கிழிசல், இது குறி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் அவள் கையை எடுத்துவிட்டாள். "நீயே பாக்கறே, நீயே வெட்டறே, நீயே குத்திக் குடுக்கறே. அப்பால நான் எதுக்குடி?" கோபமாகக் கேட்கவில்லை. விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

ஒருவழியாகக் கவுனைத் தைத்து முடித்தோம். மார்பின் ஒரு பக்கக் கொய்வு கீழே இறங்கி விழுந்துவிட்டது. மேஜரின் மனைவி தானே ஜீப்பில் வந்தாள். அவளை வாசலில் நிறுத்திவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே வந்தவள் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தாள், அண்ணி எங்கோ பார்த்துக்கொண்டு வணக்கம் சொல்வதையும் பார்த்தாள். கவுனில் இருந்த குறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணியின் தோளில் கையை வைத்து எதையோ மென்மையாகச் சொன்னாள். மேஜர் மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன. கூலியைக் கொடுத்துவிட்டு, கவுன் ரொம்ப அழகாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லிப் போனாள். அவள் திட்டியிருந்தால் திருத்திக் கொடுத்திருப்போம். அவள் இரக்கப்பட்டாள். அதோடு முடிந்தது. செய்தி ஆவடியிலிருந்து ரெயில்வே அதிகாரிகள் வீடுகளுக்கும், அங்கிருந்து மிஷன் பங்களாவுக்கும் போயிற்று. கண் தெரியாதவளை இப்படிச் சிரமப்படுத்திவிட்டோமே என்று எல்லோரும் வருந்தினார்களாம். அதன்பின் ஓர் உறையும் வரவில்லை. புதிதாக வந்த மிஸ்ஸியம்மா மட்டும் தலையணை உறைகளை அனுப்பிவைத்தார். நான்கு பக்கமும் நேராகத் தைத்தால் போதும்.

அந்த வருஷமே எனக்குக் கல்யாணமாகி அரக்கோணம் போய்விட்டேன். அண்ணன் தன்னால் ஆனதைச் செய்தான். எங்களிடம் மிச்சமிருந்த ஒரே பழைய பேட்டர்ன், குழந்தைச் சட்டை ஒன்று, மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கிழிசல்களாகிவிட்டன. கூட்ஸ் ஷெட்டில் கிடைத்த கெட்டி அட்டையில் அதை அப்படியே வரைந்து வெட்டி, ஆணியால் ஓட்டை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரே ஆணி. பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை எல்லாம் ஒரே அளவாகிவிட்டன. எது மடிப்பு, எது கொய்வு என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் ஊருக்கு வந்தபோது அண்ணி இதை என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "அதுகிட்ட நல்லா கீதுன்னு சொல்லிட்டேன். பாவம், ரெண்டு ஞாயித்துக்கிழமை குந்திக்கினு அடிச்சிச்சி." அட்டையை அவள் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். தலையணை உறை தைப்பதையும் விட்டுவிட்டாள். நேர்க்கோடு தைக்கத் தனக்கு அலுப்பாக இருக்கிறது என்றாள்.

அம்மா படுக்கையில் விழுந்ததும் சமையல் அண்ணி கைக்கு வந்தது. விறகடுப்பு. பானை கொதித்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், விறகு எரிகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை நான் போகும்போதும் அவள் விரல்களில் புதுக் கொப்புளமோ ஆறிய தழும்போ இருக்கும். "நான் வேணா ஒரு ஆளை வெச்சித் தரச் சொல்றேன் அண்ணி" என்பேன். "எதுக்கு? கை சும்மாதானே கீது" என்பாள்.

என் மூத்த மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அம்பத்தூருக்குக் கொண்டுவந்தோம். சட்டையை என் மாமியார் வீட்டில் பட்டணத்துக் கடையில் தைத்ததாகவே வாங்கியிருந்தார்கள். வெள்ளை மல், கழுத்தில் லேஸ். எல்லோரும் அழகு என்றார்கள். பிள்ளை மட்டும் காலையிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். அண்ணி அவளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு தோள், அக்குள் என்று தடவினாள். "ரெண்டு கையையும் மாத்தி வெச்சித் தெச்சிக்கீறான்டி. வலது கை இடப்பக்கம். கொயந்த கையைத் தூக்க முடியல, இழுக்குது" என்றாள். பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கோவிலுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. "அப்ப நீங்களே பிரிச்சி மாத்திடுங்க அண்ணி. உங்க கையால தெச்சதைப் போட்டுக்கினுதான் எம் பொண்ணு கோவிலுக்கு வரணும்" என்றேன். அவள் மறுத்தாள். நான் கெஞ்சினேன். அண்ணன் மிஷின்மேல் இருந்த மூட்டைகளை இறக்கி, துடைத்து, எண்ணெய் விட்டுக் கொடுத்தான். அவன் முகத்திலும் ஒரு பரபரப்பு.

அண்ணி பிளேடால் தையலைப் பிரித்தாள். துணியில் ஒரு கீறல் விழவில்லை. இரண்டு சின்னக் கைகளும் தனியாக வந்து மடியில் விழுந்தன. ஒன்றை எடுத்து விளிம்பைத் தடவினாள். திருப்பித் தடவினாள். மற்றதை எடுத்தாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். மேல் வளைவில் முன்பக்கம் கொஞ்சம் பள்ளமாக இருக்கும், பின்பக்கம் நிரவலாக இருக்கும். அந்தச் சிறிய வித்தியாசத்தைத்தான் அவள் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தழும்பேறிய விரல் நுனிகள் மல் துணியின்மேல் சொரசொரவென்று சத்தமிட்டன. சட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தபோது இழுப்பு அவளுக்குத் தெரிந்தது. தனியாக வந்த பிறகு துணி அவளிடம் எதையும் சொல்லவில்லை. முகத்தைப் பக்கத்தில் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிப் பார்த்தாள். அண்ணன் மெல்ல எழுந்து வெளியே போனான்.

"எது முன்னு, எது பின்னுன்னு தெரியலடி. விரலு காஞ்சிபூட்ச்சி" என்று சொல்லி இரண்டு துண்டுகளையும் என் பக்கம் நீட்டினாள். "நீயே வெச்சித் தெச்சிடு. நேரமாவுது."

நான் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணுக்கு அந்த வளைவு பளிச்சென்று தெரிந்தது. முன்னுக்கு முன், பின்னுக்குப் பின் சேர்த்துக் குண்டூசி குத்தி ஒரு கையைத் தைத்தேன், பிறகு மறு கையை. அண்ணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் தட்டிக்கொண்டிருந்தாள். துணி ஊசிக்கு அடியில் போகும் சத்தத்தை அவள் கேட்கிறாளா என்று இடையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவள் குழந்தையின் முதுகைத் தட்டும் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மிஷின் நின்றதும் கேட்டாள்:

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது அண்ணி."

"சரி, போட்டுவுடு" என்று பிள்ளையை என்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.